பள்ளிக்கூடத்து வயசும் பெத்த வயசும்

என் நீளக்கை அண்ணே,

நேற்று அம்மா மைதானத்துக்கு வந்தாள். நீ போனதிலிருந்து மூன்று வருடத்துக்கு மேலாக அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், கரமனைப் பாலத்தில் பஸ் போகும்போதுகூட ஆற்றோரத்து மைதானம் கண்ணில் படாதபடி மறுபக்கம் திரும்பி உட்கார்கிறவள், நேற்று தானாகவே நடந்து வந்தாள். வந்து என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. உன்னைப் பார்த்தே இராதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றை உனக்கே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். வேண்டுமானால் அந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா.

அவர்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் இசக்கிமுத்து கோல்கீப்பர். திருவனந்தபுரத்தில் அவன் வயதுப் பையன்களில் அவனைப்போல இன்னொரு கோல்கீப்பர் இல்லை. தங்கச்சி சொல்கிறாள் என்று யாரும் இதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டாம். அவனுக்கு எதிராக ஆடியவர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார்கள், மீன் விற்கிறார்கள், சுவருக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். அத்தனை நன்றாக ஆடியவர்கள் இருபத்தைந்து வயதுக்குள் ஏன் ஆட்டோவுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உன் கைகளிலிருந்து தொடங்குகிறேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அந்தக் கைகள்தான். உன்னை மாநில அணியிலிருந்து வெளியே தள்ளியதும் ஒரு வகையில் அவைதான்.

தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் நம்முடையது. அப்பா ஹோட்டலில் மாவு பிசைந்தார். அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். அப்போது நான் ஆறு மாதக் குழந்தை. உனக்கு நான்கு வயது ஆகவில்லை. என்னைச் சிமென்ட் சாக்கில் தொட்டில் கட்டிப் போட்டுவிடலாம். உன்னை என்ன செய்வது? நீ செங்கல் அடுக்கின் மேல் ஏறினாய். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாய். ஒருநாள் அதற்குள் விழவும் பார்த்தாய். "ரெண்டு பிள்ளைல ஒன்னை விட்டுட்டு வா, இல்லேன்னா நீயும் வராத" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் போட்டால் மத்தியானம் கஞ்சியும் பயறும் கொடுப்பார்கள், சாயங்காலம் வரை பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஆனால் ஐந்து வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நடந்ததை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நீ இருந்தவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"வயசென்ன?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அஞ்சு முடிஞ்சுட்டு சார்."

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுடே."

ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் எட்டும் என்பது கணக்கு. நீ தொட்டாய். தொட்டதோடு நிற்காமல் காதைப் பிடித்து இழுத்தும் காட்டினாய். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறந்த தேதி எழுதுகிற இடத்தில் மே மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டார். அப்போது அப்படித்தான். ஜூனில் சேர வருகிற பிள்ளைக்கு மே மாதம் ஐந்து முடிந்திருந்தால் எல்லாருக்கும் வேலை சுலபம். உன் வகுப்பில் பாதிப் பேருக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள்.

நிஜமாக நீ பிறந்தது அந்தத் தேதிக்குப் பதினைந்து மாதம் கழித்து, ஓர் ஆவணி மாதம், அம்மாவின் ஊரில், வீட்டிலேயே. அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை.

என்னை இடுப்பில் வைத்திருந்ததால் அம்மா உன்னை அங்கே இறக்கிவிட்டாள். அந்தப் பதினைந்து மாதத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

எல்லாப் பையன்களும் பந்தை உதைக்கத்தான் ஓடுவார்கள். நீ ஏன் கம்பத்துக்கு நடுவில் போய் நின்றாய் என்று ஒருமுறை கேட்டேன். "அங்கதாண்டி நம்மள யாரும் தள்ளிவிட மாட்டான்" என்றாய். வகுப்பில் நீதான் சின்னவன். பெரிய பையன்களோடு மோதி விழுந்து விழுந்து, கடைசியில் கையால் பந்தைத் தொடலாம் என்று விதி இருக்கிற ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாய் என்றுதான் நான் நினைக்கிறேன். சரியா?

அப்பா நெஞ்சுவலியில் போன வருடம் உனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம்தான் அம்மா வேலை செய்கிற இடத்திலிருந்து உனக்குக் கையுறை கொண்டுவந்தாள். சிமென்ட் கலக்கும்போது போடுகிற ரப்பர் கையுறை. இரண்டு விரல் நுனியில் ஓட்டை. அதைப் போட்டுக்கொண்டு நீ பந்தைப் பிடித்தால் பொத் என்று ஒரு சத்தம் வரும். எதிரணிப் பையன்கள் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். உதைத்த பந்து கம்பத்துக்குள் போனால் அந்தச் சத்தம் வராது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறவர்கள்தான் அடங்க மாட்டார்கள். "எடா பாண்டி, பந்து வருன்னு, ஓடிக்கோ." தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிட இந்த ஊரில் வைத்திருக்கிற பெயர் பாண்டி. எனக்குக் கல்லை எடுத்து எறிய வேண்டும்போல் இருக்கும். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "பந்து வரட்டே சேட்டா. சேட்டன் ஓடண்டா" என்பாய். நீங்கள் ஓட வேண்டாம் என்று. அவர்களே சிரித்துவிடுவார்கள்.

உனக்குப் பதினைந்து வயது முடிந்த வருடம், பதினாறு வயதுக்குட்பட்ட மாநில அணிக்கான முகாமுக்கு உன்னை எடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மூன்று வாரம் முகாம். தினமும் இரண்டு முட்டை கொடுக்கிறார்கள் என்று நீ சொன்னதை அம்மா நம்பவில்லை. முதல் கோல்கீப்பர் நீதான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டாவது கோல்கீப்பர் ஷிபு என்று ஒரு பையன். பெயர்களை அறிவிப்பதற்கு முதல் நாள் சான்றிதழ்களைப் பார்த்தார்கள்.

நீ பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அம்மா அடுப்பில் வேலையாக இருந்தாள்.

"என்னலே, நாளைக்குல்லா பேரு சொல்லுவாங்கன்ன?"

"வயசு கூடிப்போச்சாம்மா."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பதினாறு தாண்டிட்டேனாம்."

அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நீதான் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தாய். "அந்த ஷிபு தெனமும் காலைல மீசைய மழிச்சிட்டு கிரவுண்டுக்கு வாறான்மா. அவனுக்குப் பதினஞ்சாம். எனக்கு மீசையே இன்னும் வரல, எனக்குப் பதினாறரையாம்." யாரும் சிரிக்கவில்லை.

அம்மா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பிறப்புப் பதிவில் உன் பெயரைத் தேடச் சொன்னாள். இல்லை. இங்கே ஓர் அலுவலகத்துக்குப் போனாள். மலையாளத்தில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல நானும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்போ நுண பறஞ்சு சேர்த்ததாணு, அல்லே?" பொய் சொல்லித்தானே சேர்த்தாய் என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதன் பிறகு கேஸ் ஆனால் தனக்குத் தெரியாது என்றார்.

அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுத்தான். அவள் பெருவிரலை நீட்டத் தயாராக இருந்தாள். வாசலில் நின்ற நீ உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். "கேஸ் வந்தா எங்கம்மா போவ? விடு."

ஒரு சித்தாள், பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் விழாமல் இருக்க, மத்தியானம் கஞ்சி குடிக்க, வயதைக் கூட்டிச் சொன்னாள். அதற்குக் கேஸ். பிள்ளையை அணியில் நுழைக்க வயதைக் குறைத்தவர்களின் காகிதத்தில் முத்திரை பளிச்சென்று இருந்தது. அவர்களை யாரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை.  

இனி நல்ல பகுதி. இதற்கு மட்டும் தண்ணீர் குடிக்கப் போகாதே, இங்கேயே இரு.

இரண்டு வாரம் கழித்து அந்த மாநில அணி, வெளியூருக்குப் புறப்படும் முன்னால், நகரத்து கிளப் ஒன்றோடு பயிற்சி ஆட்டம் ஆடியது. கிளப்பின் கோல்கீப்பருக்கு மஞ்சள் காமாலை. காலையில் யாரோ சைக்கிளில் வந்து உன்னைக் கூட்டிப் போனார்கள். உன் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடி வந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை. எதிர்க் கம்பத்தில் ஷிபு நின்றான், உன்னுடைய இடத்தில், உனக்குத் தைத்திருக்க வேண்டிய சட்டையில். நீ ரப்பர் கையுறையில் நின்றாய்.

பொத். பொத். பொத். அன்றைக்கு நான் எண்ணியது பதினேழு. கடைசியில் ஒன்று வந்தது. நீ இடப்பக்கம் பாய்ந்துவிட்டாய். பந்து நம் ஆள் ஒருவன் காலில் பட்டு வலப்பக்கம் திரும்பிவிட்டது. எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நீ விழுந்துகொண்டே இடது கையைத் தலைக்கு மேலாக வளைத்து வலப்பக்கம் கொண்டுவந்தாய். விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அது ஹெட்மாஸ்டர் முன்னால் காதைத் தொட்ட அதே கை, அதே தொடல். அம்மா அங்கே இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. மாநில அணி வெறுங்கையோடு போனது. கம்பத்துக்குப் பின்னால் காலையிலிருந்து பாண்டி, பாண்டி என்று கத்திய ஆள் வேலியைத் தாண்டி வந்து உன் பெயரைக் கேட்டார்.

"இசக்கிமுத்து."

"எந்து முத்து?"

"இசக்கி. இசக்கிமுத்து."

அவர் சரியாகச் சொல்கிறவரை நீ விடவில்லை. மூன்றாவது தடவை சொன்னார். அதற்குப் பிறகுதான் கை கொடுத்தாய்.

அப்போதுதான் முகாமின் கோச் உன்னைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டார். நான் பையோடு பக்கத்தில் நின்றேன்; என்னை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

"மோனே, ஒரு வழி உண்டு. வேற ஒரு பையனோட சர்ட்டிபிகேட் இருக்கு. அவன் இப்ப களிக்கிறதில்ல, ஆட்டத்தை விட்டாச்சு. பதினஞ்சு வயசு. உன் போட்டோவை ஒட்டினா போதும். பேரு மட்டும் மாறும்."

"என்ன பேரு சார்?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். நீ யோசித்தாய். "வயசு சரியாத்தான் இருக்கு சார். பேருதான் பொய்."

"ஒரு வருஷத்துக்குத்தானடா."

"இல்ல சார். பேப்பர்ல வந்தா இவதான் எங்கம்மாவுக்குத் தேடிப் படிச்சுச் சொல்லுவா. வேற பேரைப் போட்டா எப்படிக் கண்டுபிடிப்பா?"

அவர் நீ வேடிக்கையாகச் சொல்கிறாய் என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய்.

இதற்காக உன்னிடம் நான் எத்தனை வருடம் சண்டை போட்டிருப்பேன். எந்தப் பெயரில் வந்தாலும் உன் கையைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேனே, முட்டாளே. உன் உண்மையான வயது வேண்டுமானால் உன் உண்மையான பெயரைக் கொடு என்றார்கள். நீ கொடுக்கவில்லை. பதினைந்து வயதில், மீசை முளைக்காத ஒருவன், வீட்டில் அரிசி இல்லாத ஒருவன், மாட்டேன் என்று சொன்னான். உனக்குக் கிடைக்காத கோப்பைகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இதுதான் பெரிது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி, இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணி என்று நீ எந்த வாசலுக்குப் போனாலும் அந்தப் பதினைந்து மாதம் உனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. கட்டடங்களுக்கு பெயின்ட் அடிக்கப் போனாய். ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரத்தில் ஆடினாய். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர்க்காரர்களுக்காக எழும்பிய ஒரு ஃபிளாட்டின் ஆறாவது மாடியில், சாரத்திலிருந்து விழுந்தாய். எத்தனையோ பந்தைப் பிடித்தவனுக்கு அன்றைக்குக் கை வழுக்கிவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். உன் கை வழுக்கவில்லை. சாரம் கட்டிய கயிறு மக்கியிருந்தது. அவ்வளவுதான். போன மாதம் அந்த வழியாகப் போனேன். ஆறாவது மாடியில் யாரோ குழந்தைத் துணி காயப்போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வயது கேட்டபோது அம்மா இருபத்து நாலு என்றாள். உன் வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டு அவர்கள் இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டார்கள்.  அன்றிலிருந்து எப்போதாவது வாய் திறந்தால் ஒரே பேச்சுத்தான். "அஞ்சுன்னு நான் ஒரு வார்த்த சொல்லாம இருந்திருந்தா அவன் டீம்ல இருந்திருப்பான். ஏதாவது ஆபீஸ்ல வேலை கொடுத்திருப்பாங்க. சாரத்துல ஏன் ஏறப்போறான்?"  தொட்டிலில் கிடந்த நான்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தேன். அடிக்க வந்தாள்.

எனக்கு இப்போது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கம்ப்யூட்டரில் டைப் அடிப்பதும் நான்தான். நீ சிரிப்பாய்: நாள் முழுக்க என் கையில் பிறப்புச் சான்றிதழ்கள். விளையாட்டுத் தேர்வு வருகிற மாதங்களில் அப்பாமார் வருவார்கள். கடை காலியாகும்வரை நிற்பார்கள். போன வருடம் ஒருவர் குனிந்து, "மோளே, பிறந்த வருஷத்துல இந்தக் கடைசி ஒன்னை மட்டும் நாலாக்கித் தா. எல்லாரும் செய்யறதுதானே" என்றார். மாட்டேன் என்றேன். "இவ்வளவு சின்ன எண்ணு, உனக்கென்ன போச்சு?" என்றார். என்ன போயிற்று என்று அவருக்குச் சொல்லியிருந்தால் அவர் பஸ்ஸை விட்டிருப்பார்.

பின்னால் நின்ற ஓர் ஆட்டோக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸை நகல் எடுக்க வந்தவர். "நீ முத்துவின்டெ பெங்ஙள் அல்லே?" என்றார். முத்துவின் தங்கைதானே என்று. இப்போது நல்ல அடர்த்தியான மீசை வைத்திருக்கிறார். ஷிபு.

நீ விட்ட இடத்தில் அவர் ஒரு வருடம்தான் நின்றார். அடுத்த கட்டத் தேர்வில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பைப் பார்த்து, வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் தடை. திரும்பி வந்தபோது யாருக்கும் அவரைத் தெரியவில்லை. வயதைக் குறைத்த அப்பாவும், அதை வாங்கிக்கொடுத்த கோச்சும் ஒரு நாளும் தண்டனை வாங்கவில்லை. "எனிக்கு வயசு கொறச்சு, அவனு வயசு கூட்டி. நாங்க ரெண்டு பேரும் ஒன்னும் செய்யல மோளே, களிச்சது மட்டும்தான்" என்றார். ஆடியது மட்டும்தான் என்று. பன்னிரண்டு வருடமாக அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அந்தக் கவுன்டரிலேயே விட்டுவிட்டேன். வைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உன் பெயரில் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தலாம் என்று சொன்னது ஷிபுதான். ஆற்றோரத்து கிளப்பின் செயலாளர் ராஜன் சேட்டன் உடனே சரி என்றார். சான்றிதழ் விஷயத்தில்தான் தகராறு.

"சர்ட்டிபிகேட் வேண்டாம்" என்றேன். "அம்மா நேரில் வந்து வயசைச் சொன்னா போதும்."

"அம்மமார் நுண பறயும் கொச்சே" என்றார் ராஜன் சேட்டன்.

"பொய் சொல்லட்டும். காகிதம் சொல்றதைவிடக் குறைச்சலாத்தான் சொல்லுவாங்க."

ஷிபு மேசையைத் தட்டினார். அதோடு முடிந்தது.

பெயர் எழுதிக்கொள்கிற இடத்தில் வந்து உட்காரச் சொல்லி அம்மாவை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க வரச் சொல்லுத? பொய் சொன்னவள உக்கார வச்சா நிசம் கேப்ப?" என்றாள். நேற்றுக் காலையிலும் கேட்டேன். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நான் மட்டும் போனேன். மைதான வாசலில் ராஜன் சேட்டன் உன் போட்டோ போட்ட ஒரு பலகையை நட்டிருந்தார்.

பத்து மணி இருக்கும். வேலைக்குப் போகிற கோலத்திலேயே, தலையில் சும்மாட்டுத் துணியோடு ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கூட அவள் மகன், இரண்டு கையும் சட்டைக்கு வெளியே நீண்டு தொங்குகிற மாதிரி ஒரு பையன். வயது என்ன என்று கேட்டேன். பையனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பதினாலு" என்றாள். பையன் முகம் விழுந்துவிட்டது. பதினான்கு என்றால் அவன் ஆட முடியாது. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏ பிள்ளை, பள்ளிக்கூடத்துல குடுத்த வயசைச் சொல்லுதியா, பெத்த வயசைச் சொல்லுதியா?"

அம்மா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. 

"நானும் கூட்டிச் சொன்னவதான். அந்தா பலகைல போட்டோல இருக்கானே, அவனுக்குத்தான். பதினஞ்சு மாசம் கூட்டிச் சொன்னேன். வேலைக்குப் போவணும்லா, என்ன செய்ய? நீ பயப்படாத. இங்க கேஸு கிடையாது. உள்ளதைச் சொல்லு."

அந்தப் பெண் சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வார ஐப்பசிக்குத்தாங்கா பதிமூணு."

"எழுதிக்கோட்டி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் எழுதினேன். அம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. வந்த ஒவ்வொரு அம்மாவையும் அதே கேள்வி கேட்டாள். மலையாளத்துக்காரிகளிடமும் அதே தமிழில்தான். அவர்களுக்கும் புரிந்தது. ஒருத்தி கொஞ்சம் பெரிய பையனைக் கொண்டுவந்து பன்னிரண்டு என்றாள். அம்மா பையனின் மேலுதட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "மீசை பத்துலயே வந்துட்டோ?" என்றாள். அதிகம் சிரித்தது ஷிபுதான். அந்தப் பையனும் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டினான்.

அண்ணே, அவள் சிரித்ததை நான் பார்த்தேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கதையை முன்பு எப்படிச் சொல்வாளோ, அந்தச் சிரிப்பு.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது உன் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். உன் போட்டோ, கீழே பெயர், அதற்குக் கீழே ஒரு வரி. "அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். வாசித்தேன். வயது இருபத்தைந்து. ராஜன் சேட்டன் சான்றிதழைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

"மாத்து" என்றாள். 

கடையில் எவன் கெஞ்சினாலும் ஓர் எண்ணையும் மாற்றித் தராதவள், இன்று காலை உன்னுடைய பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்துக்கொண்டு போய், உன் பலகையில் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். ஐந்தை அழித்துவிட்டு நான்கு எழுதினேன். அம்மா பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். நீ அடித்திருந்தால் நேராக இருந்திருக்கும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மைதானத்தில் ஒவ்வொரு வருடமும் அந்த மேசை இருக்கும். அம்மா இருக்கும்வரை அம்மா கேட்பாள், அதற்குப் பிறகு நான் கேட்பேன். தன் வயதை வாங்குவதற்குத் தன் பெயரைக் கொடுக்க எந்தப் பிள்ளையையும் இந்த ஆற்றோரத்தில் விடமாட்டேன். நேற்று எழுதிய அத்தனை பேரையும் அவரவர் பெயரிலேயே, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேன். பேப்பரில் வந்தால் தேடிப் படிக்க அவர்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள்.

போன மாதத்தோடு, பெத்த வயசுக் கணக்கில், நீ நின்ற வயசை நான் தாண்டிவிட்டேன். பள்ளிக்கூடத்து வயசுக் கணக்கில் நீ இன்னும் முன்னால் இருக்கிறாய். எந்தக் கணக்கில் பார்த்தாலும்,

உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகிற
உன் தங்கச்சி,
செண்பகம்